இருபத்திரண்டாவது வகை

என் தங்கை மகளுக்கு முதல் முடி எடுத்தது என் மடியில் வைத்துத்தான். காது குத்தவும் என் மடிதான் வேண்டும். நாளை அவள் வயசுக்கு வந்தால் ஓலை கட்டுவதும் சீர் சுமந்து போவதும் என் பொறுப்பு. இத்தனை உரிமை உள்ள தாய்மாமன், அவளுக்குக் கல்லீரலில் ஒரு பங்கு தருகிறேன் என்று போய் நின்றேன். மருத்துவமனையில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக இருந்த பெண் படிவத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "சார், சட்டப்படி நீங்க நெருங்கிய உறவினர் இல்லை."

அவர் சொன்னது சரி. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் கணவன் மனைவி, தாய் தகப்பன், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் ஆகியோரைத்தான் நெருங்கிய உறவு என்கிறது. 2011-இல் திருத்தியபோது தாத்தா பாட்டியையும் பேரன் பேத்தியையும் சேர்த்தார்கள். மாமன், அத்தை, சித்தி, பெரியப்பா எல்லாரும் வெளியே. நாங்கள் கொடுக்கவே கூடாது என்றில்லை. அனுமதிக் குழு முன் போய், காசுக்காக இல்லை, பாசத்தால்தான் என்று ஆவணத்தோடு காட்டினால் கொடுக்கலாம். அதற்கு நாள் பிடிக்கும். வயிறு வீங்கிக் கிடக்கிற குழந்தைக்கு அந்த நாள் இருக்காது. இந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. சிறுநீரகத்துக்கு விலை பேசிய தரகர்கள் ஏழைகளின் தெருக்களில் சுற்றிய காலத்தில் வந்த சட்டம் அது. எங்களைப் போன்ற மலைக்காரர்களுக்குத்தான் அந்தக் காவல் முதலில் வேண்டும். ஆகவே, 'மாமன் இருக்கான், பாத்துக்குவான்' என்ற தைரியத்தில் நாளைக் கடத்தாதீர்கள். தாய், தகப்பன், தாத்தா, பாட்டி இவர்களுக்கு முதலில் ரத்தப் பிரிவு பாருங்கள்.

நான் ஜவ்வாது மலையில் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் ஆசிரியர். கொடுத்தது என் தங்கை, வாங்கிக்கொண்டது அவள் மகள், காகிதக் கட்டோடு அலைந்தது நான். பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இதே மாதிரிக் குழந்தையோடு யாராவது மலையிறங்கப் போகிறார்கள் என்றால் என்னைத் தேடி வருகிறார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மலத்தைப் பாருங்கள். கைக்குழந்தையின் மலம் மஞ்சளாக, பச்சை கலந்த மஞ்சளாக, பழுப்பாக இருக்கலாம். வெள்ளையாகவோ சாம்பலாகவோ வெளிறிய களிமண் நிறத்திலோ இருந்தால் அன்றே கிளம்ப வேண்டும். அடுத்து மூத்திரம். பிறந்த குழந்தையின் மூத்திரத்துக்கு நிறமே இருக்காது. துணியில் மஞ்சள் கறை படிந்தால் அதுவும் எச்சரிக்கைதான். எங்கள் ஊரில் பழைய புடவையைக் கிழித்துத்தான் குழந்தைக்குக் கட்டுவார்கள். துவைக்கிறவர் கண்ணில் கறை படாமல் போகாது. பார்த்துவிட்டு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் கறையை ஆயா பார்த்தாள். 'காமாலை, வெயில்ல காட்டு' என்றாள். பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் மஞ்சள் பூக்கத்தான் செய்யும், தானே போகவும் செய்யும். அதனால் ஆயாவைக் குறை சொல்ல மாட்டேன். கீழே ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். தாய்ப்பால் மஞ்சள், போயிடும் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். குழந்தை பால் குடித்தாள், சிரித்தாள், எடையும் ஏறியது. இந்த நோயின் சூழ்ச்சியே அதுதான். ஆரம்பத்தில் குழந்தை நோயாளியாகத் தெரிவதே இல்லை. மந்திரிப்பதற்கும் கீழாநெல்லி அரைப்பதற்கும் ஆள் வந்தார்கள். சூடு போடலாம் என்று சொன்னவரும் உண்டு. அதற்கு மட்டும் தங்கை சம்மதிக்கவில்லை. கடைசியில் பதினான்காவது வாரத் தடுப்பூசிக்கு வந்த நர்ஸம்மாதான் துணியை விரித்துப் பார்த்தார். ஊசியைப் போட்டு முடித்துவிட்டு, "இன்னைக்கே கெளம்புங்க" என்று சீட்டு எழுதினார்.

நோயின் பெயர் பித்தநாள அடைப்பு. கல்லீரலில் ஊறும் பித்தம் குடலுக்கு வர வேண்டிய குழாய், பிறந்த சில வாரங்களில் வீங்கித் தழும்பாகி மூடிக்கொள்கிறது. பித்தம் வராததால் மலம் வெளுக்கிறது. உள்ளேயே தேங்கிய பித்தம் கல்லீரலை அரிக்கிறது. பத்தாயிரம், இருபதாயிரம் பிறப்புகளில் ஒன்று என்ற அளவில் வருவது. அதனால்தான் பல டாக்டர்கள் கண்ணில் படுவதில்லை. குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்ற நேர்வதற்கு உலகம் முழுக்க முதல் காரணமும் இதுதான். ஜப்பானில் மோரியோ கசாய் என்ற அறுவை நிபுணர் 1950-களில் இதற்கு ஒரு வழி கண்டார். மூடிய குழாயை வெட்டி எடுத்துவிட்டுச் சிறுகுடலின் ஒரு துண்டைக் கல்லீரலோடு நேரே இணைத்துவிடுவது. இன்றும் அவர் பெயரில்தான் அந்த அறுவை இருக்கிறது. குழந்தை பிறந்து 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். நாள் ஏற ஏறக் குறையும். பதினான்கு வாரம் என்பது 98 நாள். சென்னையில் பரிசோதித்தவர்கள், கல்லீரல் ஏற்கெனவே இறுகிவிட்டது, நேரே மாற்றுச் சிகிச்சைதான் என்றார்கள்.

அதனால் நான் சொல்லும் கணக்கு ஒன்றுதான். பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் கண்ணில் மஞ்சள் இருந்தால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். கேட்கும்போது, மொத்த பிலிருபின் மட்டும் பார்த்தால் போதாது, 'டைரக்ட்' எவ்வளவு என்று சேர்த்துக் கேளுங்கள். சாதாரண மஞ்சளில் டைரக்ட் ஏறாது. ஏறியிருந்தால் வெயிலுக்கும் நீல விளக்குக்கும் அங்கே வேலை இல்லை. அடுத்த பஸ் குழந்தைகள் அறுவைத் துறை இருக்கிற பெரிய மருத்துவமனைக்குத்தான்: எங்களுக்கு வேலூர் சி.எம்.சி. பக்கம், சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள் 104-ஐ அழைத்து வழி கேட்கலாம். தைவானில் 2004 முதல் ஒவ்வொரு பிள்ளையின் நலப் புத்தகத்திலும் மலத்தின் நிறங்களை அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். தாய் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள். அதற்குப் பிறகு அங்கே குழந்தைகள் 60 நாளுக்குள் அறுவைக்கு வந்து சேர்வது கூடியது. என் தங்கை கையில் இருந்த புத்தகத்தில் அப்படி ஒரு பக்கம் இல்லை. வண்ணத்தில் ஒரு பக்கம் அச்சிட என்ன செலவாகிவிடும்?

வைட்டமின் கே ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பித்தம் இல்லாமல் அந்தச் சத்து உடம்பில் சேராது. சேராவிட்டால் ரத்தம் உறையாது. இந்தக் குழந்தைகளில் சிலருக்கு முதல் அறிகுறியே மூளையில் ரத்தக் கசிவாக வந்துவிடும். பிறந்தவுடன் தொடையில் போடுகிற அந்த ஊசி, வீட்டில் பிறக்கும் குழந்தைக்குக் கிடைப்பதில்லை. மலையில் இன்னும் சில ஊர்களுக்கு வண்டி போகாது, பிரசவம் வீட்டில் நடந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். நடந்துவிட்டால், மறுநாளாவது நர்ஸம்மாவுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

கல்லீரலை வெட்டிக் கொடுப்பது என்றதும் வீடே அழுதது. எங்களுக்குத் தைரியம் கொடுத்தது ஒரு பழைய செய்தி. 1998 நவம்பரில், இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றிகரமாக முதல் கல்லீரல் மாற்று நடந்தது டெல்லியில். ஆனால் அந்தக் குழந்தை காஞ்சிபுரத்துப் பிள்ளை, இதே நோய்தான், வயது 20 மாதம். கொடுத்தவர் அப்பா. பிள்ளை வளர்ந்து மருத்துவம் படித்து டாக்டராகிவிட்டார். டாக்டர் இதைச் சொன்னதும் என் தங்கை புருஷன், "காஞ்சிபுரமா? நம்ம பக்கம்தானே" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். உலகத்தில் உயிரோடு இருப்பவர் கொடுத்த கல்லீரலால் ஒரு குழந்தை முதன்முதலில் பிழைத்தது 1989-இல், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில். அங்கே தன் மகனுக்குக் கொடுத்தவர் ஒரு ஜப்பானியத் தாய்.

குழந்தைக்கு வேண்டியது இடப்பக்கத்து ஓரப் பகுதி மட்டும், பெரியவர் கல்லீரலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்கு வரை. கொடுத்தவருக்குச் சில மாதங்களில் கல்லீரல் பழைய அளவை ஒட்டி வளர்ந்துவிடும். உயிராபத்து இல்லவே இல்லை என்று எந்த நல்ல டாக்டரும் சொல்ல மாட்டார். இந்தச் சிறு பகுதிக்கு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் சொல்கிறார்கள். மச்சானுக்கு ரத்தப் பிரிவு சேர்ந்தது, ஆனால் கல்லீரலில் கொழுப்பு. ஆயாவுக்கு வயது தாண்டிவிட்டது. ஆக, தங்கைதான்.

பெண் கொடையாளர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும் என்று உறுப்பு மாற்றுக்கான 2014 விதிகள் சொல்கின்றன. அவள் தன் விருப்பத்தோடுதான் கொடுக்கிறாளா என்று தனியாக விசாரித்து உறுதிப்படுத்த வேண்டும். எங்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டுத் தங்கையிடம் பேசினார்கள். வெளியே வந்தவள், "யாராச்சும் கட்டாயப்படுத்தினாங்களான்னு கேட்டாங்கண்ணா. என்னை இப்படித் தனியா உக்கார வச்சு யாரும் எதுவும் கேட்டதே இல்ல" என்றாள். அந்த விசாரணையை வெறும் சடங்கு என்று எண்ணி, மருமகளுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பாடம் சொல்லிக் கொடுத்து அனுப்பும் குடும்பங்களைப் பிறகு பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள். வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு அங்கே ஒரு கதவு இருக்கிறது. அதை அடைக்க நமக்கு உரிமை இல்லை.

இனி காகிதம். தாயும் மகளும் தாயும் மகளும்தான் என்று காட்டுவதற்கே நாங்கள் திணறினோம். ஆதாரில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் வீட்டில் கூப்பிடும் பெயர், பிரசவச் சீட்டில் புருஷன் பெயரைச் சேர்த்து இன்னொரு பெயர். மலையில் பாதிப் பேருக்கு இதுதான் நிலை. குழந்தை நலமாக இருக்கும்போதே இதைச் சரி செய்து வையுங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. ஒரு மாதம் தாண்டினால் மேலதிகாரி அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். எங்கள் மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடிச் சமூகத்தாருக்குப் பழைய வடஆற்காடு மாவட்டம் பட்டியல் பழங்குடி வரையறைக்குள் வருகிறது. சாதிச் சான்றும் கோட்டாட்சியரிடம்தான். ஒரே அலைச்சலில் இரண்டையும் கேட்டுவிடுங்கள். வருமானச் சான்றை முதலில் வாங்குங்கள், அது இல்லாமல் காப்பீட்டு அட்டை வராது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. கல்லீரல் மாற்று போன்ற பெரிய சிகிச்சைகளுக்கு அதற்கு மேலும் கொடுக்கத் தனி நிதி வைத்திருக்கிறார்கள். இது பெரிய விஷயம். இந்த அரசு ஏற்பாடு இல்லாவிட்டால் சாமை விதைத்துப் பிழைக்கும் வீட்டுப் பிள்ளை அறுவை மேசை வரை போயிருக்காது. அட்டையில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அட்டை அப்பா பேரில் இருந்தாலே போதும் என்று நினைத்து வந்து தவிப்பவர்கள் உண்டு. குறை விழும் பணத்துக்கு முதலமைச்சர் பொது நிவாரண நிதி, நாடாளுமன்ற உறுப்பினர் கடிதத்தோடு பிரதமர் தேசிய நிவாரண நிதி என்று வழி இருக்கிறது. இரண்டுக்கும் மருத்துவமனை தரும் செலவு மதிப்பீட்டுச் சீட்டு அறுவைக்கு முன்பே கையில் வேண்டும்.

எந்தத் திட்டத்திலும் வராத செலவும் இருக்கிறது. அறுவை ஒன்றல்ல, இரண்டு. இரண்டு பேர் படுக்கையில். தாய்க்குச் சோறு ஊட்ட ஓர் ஆள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடக்கும் குழந்தைக்காகக் காத்திருக்க ஓர் ஆள், ஊரில் மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். கேரளத்துத் தோட்ட வேலைக்குப் போயிருந்த மச்சானுக்கு அந்தப் பருவக் கூலி போயிற்று. மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை வாடகை தனி. வீடு திரும்பிய பிறகு மூன்று மாதத்துக்குத் தாய் குடம் தூக்கக் கூடாது, விறகு சுமக்கக் கூடாது. தூக்கினால் தையல் போட்ட இடத்தில் குடல் பிதுங்கும். மலையில் ஒரு பெண் மூன்று மாதம் தலையில் எதையும் வைக்காமல் இருப்பது என்றால் இன்னொருத்தி இரண்டு பேர் பாரம் சுமக்கிறாள் என்று பொருள். அந்த இன்னொருத்தி யார் என்று வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

அறுவைக்குப் பிறகு வாழ்நாள் முழுக்க டாக்ரோலிமஸ் மாத்திரை. உடம்பு புதுக் கல்லீரலை அந்நியனாக நினைத்து விரட்டாமல் இருக்க, எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கும் மருந்து. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தவறவே கூடாது. ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கக் காலை மாத்திரைக்கு முன்பு ரத்தம் எடுக்க வேண்டும். ஜமுனாமரத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்குகிற பலர் வழக்கப்படி மாத்திரையைக் கொடுத்துவிட்டே வருகிறார்கள். அன்றைய பரிசோதனை வீண். மாத்திரையைக் கையில் எடுத்துப் போங்கள், ரத்தம் எடுத்த பிறகு கொடுங்கள். நேரம் ஒத்துவராவிட்டால் முதல் நாள் இரவே போளூரிலோ வேலூரிலோ தங்கிக்கொள்ளுங்கள். மலைக் கடைகளில் இந்த மருந்து கிடைக்காது. மழையில் மலைப்பாதை அடைபடும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு உபரி கையில் இருக்க வேண்டும். கம்பெனி மாறினால் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். அறுவைக்குத் தேதி குறிக்கும்போதே, வீடு திரும்பிய பிறகு மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் எந்தத் திட்டத்தில், எத்தனை காலத்துக்கு, எங்கே என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பம்பளிமாஸ் கொடுக்கக் கூடாது. அது ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். சளிக்கு எழுதும் சில ஆன்டிபயாடிக்குகளும் அப்படியே. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் இதற்கு நேர்மாறாக அளவை இறக்கிவிடும். எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியம் 'கல்லீரல் மாத்தின குழந்தைங்க, டாக்ரோலிமஸ் சாப்பிடுது' என்பதாக இருக்கட்டும். கசாயம், லேகியம், மலைத்தேன் எதுவும் கேட்காமல் வேண்டாம். எங்கள் மலைத்தேனின் அருமை எனக்கும் தெரியும், ஆனாலும் வேண்டாம். தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது இந்தக் குழந்தைக்குப் பொருந்தாது. எந்த நேரமானாலும் 108.

தடுப்பூசியில் பலரும் தடுமாறுகிறார்கள். உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த தட்டம்மை-ருபெல்லா, சின்னம்மை ஊசிகளும் போலியோ சொட்டும் மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு டாக்டர் அனுமதியில்லாமல் கூடாது. அதே வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பிக்கும் சொட்டு மருந்து கூடாது என்பது பலருக்குத் தெரியாது. சொட்டில் உள்ள கிருமி மலத்தோடு வெளியேறி இந்தக் குழந்தைக்குத் தொற்றலாம். போலியோ முகாம் நாளில் வீட்டுக்கு வருபவரிடம் சொல்லுங்கள்; ஊசியாகப் போட வழி இருக்கிறது. ஓர் ஆசிரியராக இன்னொன்று: வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் அன்றைக்கே இந்தப் பெற்றோருக்குத் தகவல் போக வேண்டும். நம் ஊர்களில் அம்மை போட்டால் வெளியே சொல்லாமல் வேப்பிலை கட்டுவார்கள். என் பள்ளியில் நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கலாமே என்று பலர் யோசனை சொன்னார்கள். நானும் விண்ணப்பத்தைத் திறந்தேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. 1995-இன் பழைய சட்டத்தில் ஏழுதான் இருந்தன. புதிய பட்டியலில் தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய் ஆகிய ரத்த நோய்கள் இருக்கின்றன. நடுக்குவாதம் இருக்கிறது, அமிலவீச்சுக்கு ஆளானோர் இருக்கிறார்கள். கல்லீரல் இல்லை. சிறுநீரகமும் இதயமும் கூட இல்லை. ரயில்வே கட்டணச் சலுகையிலோ சிறுநீரக நோயாளிக்கும் இதய அறுவைக்குப் போகிறவருக்கும் இடம் உண்டு. கல்லீரலுக்கு அங்கேயும் இடமில்லை. 2021-இன் தேசிய அரிய நோய்க் கொள்கை, கல்லீரல் மாற்றினால் குணமாகும் சில பிறவி வளர்சிதை நோய்களைத் தன் பட்டியலில் வைத்திருக்கிறது, சிறப்பு மையங்களில் 50 லட்சம் வரை உதவி உண்டு. பித்தநாள அடைப்பு அதிலும் வராது. ஆகவே உங்கள் குழந்தையின் நோய்ப்பெயர் என்ன என்பதைத் துல்லியமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். யூரியா சுழற்சிக் கோளாறு, டைரோசினீமியா என்று எதையாவது சொன்னால் அந்தக் கதவைத் தட்டலாம்.

பிற நாடுகளில் எப்படி என்று தேடினேன். ஜப்பான் 2010 ஏப்ரலில் கல்லீரல் செயலிழப்பை உடல் மாற்றுத்திறன் பட்டியலில் சேர்த்தது. கல்லீரல் மாற்றி, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவருக்கு அங்கே முதல் நிலை அட்டை, அதாவது மிகக் கடுமையான நிலைக்குத் தருவது. மருந்துச் செலவு பெருமளவு குறைகிறது. தென்கொரியா அதற்கும் முன்பு 2003-இலேயே சேர்த்துவிட்டது. ஜெர்மனியில் மாற்றுக்குப் பிறகு முதல் இரண்டு வருடம் முழு அளவு, பிறகு மதிப்பீடு செய்து குறைப்பார்கள். இந்த ஜெர்மன் வழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. தேறிய குழந்தையைத் தேறிய குழந்தையாகவும் பார்க்கிறது, தேறும் வரை கையையும் விடுவதில்லை.

தங்கைக்கு இந்த அட்டை யோசனையில் உடன்பாடில்லை. "ஓடுறா, மரம் ஏறுறா, இவளுக்கு ஏன்ணா அந்த அட்டை? நாளைக்கு எவன் கட்டிக்குவான்?" என்று கேட்டாள். நியாயமான பயம்தான், அட்டை எடுக்காமல் தவிர்க்கும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் அட்டையை உதவித்தொகைக்காகக் கேட்கவில்லை. மாதாமாதம் ரத்தம் பார்க்க மலையிறங்கும் குழந்தைக்கும் துணைக்குப் போகும் தாய்க்கும் பஸ் கட்டணம், அம்மை பரவும் மாதத்தில் பள்ளிக்கு வராவிட்டால் வருகையைக் கழிக்காத விதி, தேர்வு நேரத்தில் மாத்திரைக்கு ஐந்து நிமிடம், நிறுத்தாமல் வரும் மருந்து. மாற்றுத்திறன் என்று எழுதிய காகிதம் இல்லாமல் இவற்றை உரிமையாகக் கேட்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் யாருடைய தயவையாவது கேட்க வேண்டியிருக்கிறது.

இப்போதைக்குச் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. கல்லீரல் நோய் நீடித்த குழந்தைக்கு எலும்பு மெலிந்து கால் வளையலாம். உட்காருவது, நடப்பது, பேசுவது தாமதிக்கலாம். தீவிர சிகிச்சையில் கொடுத்த சில ஆன்டிபயாடிக்குகளால் காது மந்தமாகலாம். இவை பட்டியலில் உள்ளவை. 40 சதவீதம் என்று மருத்துவக் குழு சான்றளித்தால் அட்டை உண்டு. ஆகவே மாவட்டத்தில் உள்ள ஆரம்ப கால இடையீட்டு மையத்தில் காது, கண், வளர்ச்சி மூன்றையும் பார்த்துவிடுங்கள். அட்டைக்காக மட்டுமல்ல, இரண்டு வயதில் கண்டுபிடித்த காது மந்தத்துக்கு வழி இருக்கிறது, ஆறு வயதில் கண்டுபிடித்தால் பேச்சே போய்விட்டிருக்கும். எங்கள் பிள்ளைக்கு இவற்றில் எதுவும் இல்லை. அதனால் அட்டையும் இல்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளையும் பட்டியலில் சேர்க்கப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. 2016 சட்டத்தின் அட்டவணை முடியும் இடத்தில், ஒன்றிய அரசு அறிவிக்கும் வேறு எந்த வகையும் சேரும் என்று ஒரு வரி இருக்கிறது. ஓர் அரசாணை போதும். டெல்லியில் மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறைக்கு என் பங்குக்கு ஒரு மனு அனுப்பியிருக்கிறேன், உறுப்பு மாற்றிய குழந்தைகளை இருபத்திரண்டாவது வகையாகச் சேர்க்கச் சொல்லி. உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு குழந்தை இருந்தால் நீங்களும் ஒன்று எழுதுங்கள். நகலை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள்.